உக்குவளை நீரும் உழுந்துவடைச் சூரியனும்

மாத்தளை நகருக்குத் தெற்கே, உக்குவளையில் ஒரு நீர்மின் நிலையம் உண்டு. பொல்கொல்லையில் மகாவலியிலிருந்து திருப்பப்படும் நீர், ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சுரங்கவழியாக மலையை ஊடறுத்து வந்து, சுழலிகளை இயக்கியபின் சுதுகங்கையிற் கலக்கின்றது. 1976 இல் இயங்கத் தொடங்கிய இந்நிலையத்தின் வலு சுமார் 40 மெகாவாற்று. பெரிய நிலையமன்று. எனினும் கரு இணைவு ஆராய்ச்சி எட்டிய தூரத்தை அளக்க, மாத்தளை மாணவனுக்கு இதனினும் ஏற்ற அளவுகோல் வாய்ப்பதரிது.

பார ஐதரசன் வகைகளான தியூற்றீரியமும் திரித்தியமும் இணைந்து ஈலியமாகுங்கால் பெருஞ்சக்தி பிறக்கும். அதற்கு வாயுவைப் பத்துக் கோடி பாகைக்கு மேல் வெப்பமேற்றுதல் வேண்டும். அந்நிலையில் அணுக்கள் இலத்திரன்களை இழந்து பிளாஸ்மா ஆகின்றன. வெப்பமேற்றுவதிலும் அதனைக் கட்டிவைத்தலே கடினம். சுவரைத் தீண்டினாற் பிளாஸ்மா குளிர்ந்துவிடும், சுவரும் பழுதுறும். ஏற்றமுடைய துணிக்கைகள் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றியே செல்வன. ஆதலின் உழுந்துவடை வடிவான வெற்றிடக் கலத்தினுள் காந்தப்புலமே வேலியாகின்றது. (பேராசிரியர்களுக்கு இவ்வுவமை உவக்காது போகலாம், வடிவமோ அதுவே.) டோகமாக் எனப்படுவது இப்பொறியே. வேலிதான் ஒழுகும். பிளாஸ்மாவில் எழும் கொந்தளிப்பு வெப்பத்தை வெளியே கடத்திவிடுகின்றது.

1997 இல் இங்கிலாந்தின் ஜெட் பொறி 16 மெகாவாற்று இணைவு வலுவைக் கணநேரம் தந்தது. அதற்கு ஊட்டிய வெப்பவலுவோ 24 மெகாவாற்று. 2023 இல், மூடப்படுமுன், அதே பொறி சில செக்கன்களில் 69 மெகாயூல் சக்தியை வெளியிட்டது. அஃது உலக சாதனை. முழுவலுவில் இயங்கும் உக்குவளை அச்சக்தியை இரண்டு செக்கனுக்குள் தந்துவிடும், அதுவும் மின்னாகவே!

எனின் இம்முயற்சி எதற்கு? மழை பொய்த்த 1996 இல் இலங்கை நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டைக் கண்டது. நீர்வலுவுக்கு அவ்வெல்லை உண்டு. தியூற்றீரியமோ கடல்நீரெங்கும் கிடைப்பது.

இத்தகைய பொறியை இலங்கை தனித்துக் கட்டுமென்பது வீண்பேச்சு. ஆயினும் காந்திநகருக்கு அண்மையில் 1989 இல் இயங்கத் தொடங்கிய 'ஆதித்யா' இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. அதன் வளையத்தின் ஆரை முக்கால் மீற்றர் மாத்திரமே. அச்சிறு பொறியிலேதான் பிளாஸ்மாவின் விளிம்புக் கொந்தளிப்பை ஆராய்ந்து, உலகம் கவனித்த முடிபுகளை அவர்கள் வெளியிட்டனர். 2005 இல் இந்தியா பிரான்சின் ஈற்றர் திட்டத்திற் பங்காளியாயிற்று. அப்பொறியைச் சூழும் 3,850 தொன் உருக்குக் கலத்தின் பகுதிகள் குஜராத்தில் உருவாகின.

தொடக்கத்திற்கு அவ்வளவும் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு வெற்றிடப் பம்பி, சில நூறு வோற்று, பிளாஸ்மாவினுள் நுழைக்க ஒரு மெல்லிய கம்பி ஆகியவை எப்பல்கலைக்கழக ஆய்வுகூடத்திற்கும் எட்டுவனவே. அத்தகைய கம்பிகொண்டு அளந்த இர்விங் லாங்மியூர்தான், 1928 இல் பிளாஸ்மாவுக்கு அப்பெயரையே இட்டார்.