பயம் யாரைத் தேடிப் போகிறது

பிப்ரவரி 28, 2024, புதன்

காலையில் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு. யாரோ ஒரு பெண் மூச்சு வாங்கப் பேசுகிறார். வடநாட்டிலிருந்து ஆட்கள் இறங்கியிருக்கிறார்களாம், போர்வை விற்கிற மாதிரி வந்து புள்ளைகளைத் தூக்குகிறார்களாம். எந்த ஊர், எந்தத் தேதி, யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு விவரமும் இல்லை. மதியத்துக்குள் அதே பதிவு என் தங்கையிடமிருந்தும், பால்காரரிடமிருந்தும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடமிருந்தும் வந்துவிட்டது.

ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். விடிந்ததும் கம்பெனி வேன் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும். பள்ளிக்கூடம் நாலு மணிக்கெல்லாம் விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு பிள்ளைகள் பாட்டி பொறுப்பு. பாட்டி இல்லாத வீட்டில் தெருவின் பொறுப்பு. மிஷின் முன்னால் உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதி தைக்கிற தாய்க்கு அந்தக் குரல் காதில் விழுந்தால் கை நடுங்கத்தான் செய்யும். அறியாமை என்று இந்தப் பயத்தை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் பிள்ளை தனியாக இருப்பது உண்மை.

மார்ச் 2, சனி

இன்று தெருமுனையில் போர்வை விற்கிற பையனை நிறுத்திவிட்டார்கள். ஆதார் கேட்டார்கள். செல்போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். அவன் இந்தியில் ஏதோ சொல்லச் சொல்லக் கூட்டத்தின் சந்தேகம் கூடியது. அந்த நேரம் முனை வீட்டுப் பெரியம்மா இறங்கி வந்தார். "டேய், வுடுங்கடா அவன. போன வருசம் எம் பொண்ணு சீருக்கு இவங்கிட்டதான் ரெண்டு போர்வ வாங்கினேன்." கூட்டம் கலைந்தது. அவனைத் தெரிந்த ஒரே ஒருவர் வீட்டில் இருந்ததால் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக முடிந்தது.

ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் போளூர் அருகே இருக்கிற அத்திமூரில் அப்படி ஒருவர் இல்லாமல் போனார். 2018 மே 9. குலதெய்வம் கும்பிட ஒரு குடும்பம் காரில் வந்தது. வழி கேட்க நிறுத்திய இடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று பேச்சு பரவியது. கூட்டம் அடித்ததில் 65 வயதுப் பெண்மணி இறந்தார், உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். பிள்ளையைக் கண்டால் கையில் ஒரு மிட்டாய் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அதுவே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. அதே நாட்களில் பழவேற்காட்டில் வீடு வாசல் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒருவரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய ஒரு காணொளியில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம் அது. அவர்கள் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு அறிவிப்பு அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். பிள்ளைகளைக் காப்பதற்காக எடுத்த படத்தின் பேரால் மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே வதந்தியால் அந்த ஜூலை முதல் நாளில் மட்டும் ஐந்து பேர். அதன் பிறகே வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தியது. மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலையில் ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17இல் உத்தரவிட்டது. ஆறு வருடம் ஆகப்போகிறது. குரல் பதிவு மறுபடி வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தின் பொறுப்பு அதிகாரி யார் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மார்ச் 6, புதன்

புதுச்சேரிச் செய்தியைப் படித்துவிட்டுச் சாப்பாடு இறங்கவில்லை. முத்தியால்பேட்டையில் காணாமல்போன ஒன்பது வயதுச் சிறுமியை வாய்க்காலில் சடலமாக எடுத்திருக்கிறார்கள். கைதான இருவரும் அதே பகுதியில் வசிப்பவர்கள். நாம் போர்வைக்காரனின் ஆதாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அதே சனிக்கிழமைதான் அந்தக் குழந்தை காணாமல்போயிருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் இதைத்தான் சொல்கிறது. போக்சோ சட்டத்தில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர். இந்த உண்மையை யாரும் குரல் பதிவாக அனுப்புவதில்லை. அனுப்பினால் ஒவ்வொரு வீடும் தன் கூடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். வெளியூர்க்காரனைச் சந்தேகிப்பதற்கு அந்த வலி கிடையாது.

புதுச்சேரியில் மக்கள் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் "என்கவுன்ட்டர் பண்ணுங்க" என்று எங்கள் குழுவில் வரிசையாக விழும் செய்திகளைப் பார்க்கும்போது ஹைதராபாத் நினைவுக்கு வருகிறது. ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகக் கைதான நால்வர் அங்கே 2019 டிசம்பர் 6இல் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், போலீஸார்மேல் மக்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றும், நால்வரில் மூவர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் 2022இல் அறிக்கை தந்தது. பலியான அந்தப் பெண்ணுக்கு நடந்தது என்ன, யார் செய்தது என்று சாட்சியங்களோடு நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பு அந்த விடிகாலையிலேயே போய்விட்டது.

மார்ச் 10, ஞாயிறு

மாலை தெருக் கூட்டம். இரண்டு தீர்மானங்கள் தயாராக இருந்தன: தெருவின் இரு முனையிலும் கேமரா, வெளி வியாபாரிகளுக்குத் தடை. கேமரா இருக்கட்டும், நடந்தபின் ஆளைப் பிடிக்க உதவும் என்றேன். நாலு மணிக்குப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று யாரும் பேசவில்லையே என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு கம்பெனிக்குப் போகிற பெண் ஒருவர் எழுந்தார். "அண்ணே, கேமராவ யாரு பாத்துனு ஒக்காந்திருக்கப் போறா? எம் பையன் ஸ்கூல் வுட்டு வந்தா, ஒரு பெரியவங்க கண்ணு அவம்மேல இருந்தாப் போதும். நா நிம்மதியா தைப்பேன்."

ஊராட்சி, வார்டு அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்பது அரசின் திட்டத்திலேயே உள்ளது. எங்கள் வார்டில் அதைப் பற்றிக் கேட்டு மனுக் கொடுப்பது என்று முடிவானது. அதுவரை அங்கன்வாடிக்கு எதிரே உள்ள திண்ணையில் சாயங்காலம் இரண்டு இரண்டு பேராக முறை வைத்து உட்காருவோம், ஒருபோதும் தனி ஆளாக இல்லை. தெரிந்த முகம் என்பதே தகுதி ஆகிவிடக் கூடாது. முத்தியால்பேட்டை சொல்வது அதைத்தான்.

வியாபாரிகள் தடை கைவிடப்படவில்லை. தள்ளிவைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, புதன்

இன்று பெருங்காமநல்லூர் நினைவு நாள். 1920இல் இதே தேதியில் உசிலம்பட்டி அருகே அந்த ஊரில் போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். கைரேகை வைக்க மாட்டோம் என்றதுதான் அவர்கள் செய்தது. 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி. போலீஸில் கைரேகை, ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு. கள்ளர், குறவர் என்று எத்தனையோ சமூகங்கள் இந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தன. பின்னால் அந்தச் சட்டம் நீங்கியது, அதன் நிழல் பல காவல் நிலையங்களில் இன்னும் நீங்கவில்லை.

சொத்துள்ளவர்களின் பயத்தை ஆட்சி கையில் எடுத்தபோது அது ரேகைச் சட்டம் ஆனது. தெரு கையில் எடுத்தபோது அத்திமூர் ஆனது. இரண்டிலும் 'யார் செய்தது' என்ற கேள்வி இல்லை, 'இவன் யார்' என்ற கேள்வி மட்டுமே இருந்தது. வெளியூர்க்காரரும் அலைந்து பிழைப்பவரும் மனநிலை சரியில்லாதவரும் அந்தக் கேள்விக்குத் திருப்தியாகப் பதில் சொல்லவே முடியாது. அவர்களுக்காகப் பேச நம் தெருவில் பெரியம்மா எப்போதும் இருக்க மாட்டார்.

நம் பயத்துக்கு நாம் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ள முடியும். செய்தி வந்தால் மூன்றே கேள்வி: எந்தப் பிள்ளை, எப்போது, யார் பார்த்தது? பதில் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ உடனே அழைப்போம். பதில் இல்லை என்றால் அந்தச் செய்தி நம்மைத் தாண்டிப் போக வேண்டாம். சந்தேகப்பட்ட ஆள்மேல் யாரும் கை வைக்காமல் போலீஸ் வரும்வரை பக்கத்தில் நிற்போம். வீட்டில் பிள்ளை எதையாவது சொல்ல வந்தால், சொல்வது யாரைப் பற்றியதாக இருந்தாலும், முழுதாகக் கேட்போம். இந்தக் கடைசி ஒன்றுதான் எல்லாவற்றிலும் கடினம். நம் பிள்ளைகளை அதிகம் காப்பாற்றப்போவதும் அதுதான்.