தாத்தாவின் டிராக்டரும் தகராறு செய்த கார்புரேட்டரும்

கதவில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. அமெரிக்காவில் கதவில் காகிதம் ஒட்டினால் அது நல்ல சேதியாக இருக்காது. பயந்துகொண்டே படித்தேன்.

'தங்கள் வீட்டுப் புல் அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் வெட்டவும். தவறினால் நாங்களே ஆள் வைத்து வெட்டி, பில்லைத் தங்களுக்கு அனுப்புவோம்.'

புல்லுக்கு நோட்டீஸ் சார்! நம்மூராக இருந்தால் மாட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். அவரும் சந்தோஷப்படுவார், மாடும் சந்தோஷப்படும்.

ஆபீஸ் புராஜெக்ட் என்னைக் கொண்டுபோய்ப் போட்ட இடம் விஸ்கான்சின் மாநிலத்தில், ஹோரிகானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மில்வாக்கியிலிருந்து காரில் வடமேற்கே ஒரு மணி நேரம். ஹோரிகானுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, சதுப்பு நிலம். 33,000 ஏக்கர், கண்ணுக்கெட்டிய வரை கோரைப்புல். நம்ம பள்ளிக்கரணைக்கு 2022இல் கிடைத்த ராம்சார் அந்தஸ்து இதற்கு 1990லேயே கிடைத்துவிட்டது. இலையுதிர் காலத்தில் கனடா வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

இன்னொன்று, ஜான் டீர் தொழிற்சாலை. அந்தக் கம்பெனியின் முதல் லான் டிராக்டர் 1963இல் இங்கிருந்துதான் புறப்பட்டது. டிராக்டர் என்றதும் உழவு வண்டியைக் கற்பனை பண்ணாதீர்கள். அதன் தம்பி மாதிரி இருக்கும். வயிற்றுக்கு அடியில் கத்தி சுழலும். நாம் ராஜா மாதிரி மேலே உட்கார்ந்து ஓட்டினால் புல் கத்தரித்துக்கொண்டே வரும். 

நான் நோட்டீஸும் கையுமாக நிற்பதை அடுத்த வீட்டுத் தாத்தா பார்த்துவிட்டார். ''கிட்! இங்கே வா'' என்றார். (நான் அதை 'தம்பி' என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். நாற்பது வயசில் கிட் என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?)

அவருடைய ஷெட்டில் 1970ஆம் வருஷத்து ஜான் டீர் 110 நின்றது. பச்சை பெயின்ட், மஞ்சள் சக்கரம். தாத்தா 1968இல் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்து முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். ''இது என் கைபட்டு வெளியே போன வண்டியாகக்கூட இருக்கலாம்'' என்றார்.

''எடுத்துக்கோ. உன் புல்லையும் வெட்டு, என் புல்லையும் வெட்டு. ஒரே ஒரு சிக்கல். ஸ்டார்ட் ஆகாது.''

கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. போன வருஷத்திலிருந்து ஸ்பேனர் பிடிக்க முடியவில்லையாம். அரிசோனாவில் இருக்கும் மகன், 'டிராக்டரைக் காயலான் கடைக்குப் போடு, குளிர்காலத்துக்குள் வீட்டை வித்துட்டு என்கிட்டே வந்துடு' என்கிறாராம். தாத்தா இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, டிராக்டரைப் பார்த்தார்.

எனக்கு என்ன தெரியும்? எங்கப்பா மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேட்டக் ஸ்கூட்டரின் கார்புரேட்டரைக் கழற்றும்போது கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான். 2020க்கு அப்புறம் பைக் வாங்கிய தம்பிமார்கள் பலருக்கு அந்தச் சாமானின் முகமே தெரியாது. பி.எஸ்.6 வந்து பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

''கழற்றுவதற்கு முன்னால் யோசி'' என்றார் தாத்தா. பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். நீல நிறத்தில் பொறி வந்தது. பிளக்கை மாட்டிவிட்டு, கார்புரேட்டரின் வாயில் அரை ஸ்பூன் பெட்ரோல் விட்டோம். 'டப டப டப' என்று இரண்டு விநாடி ஓடி, செத்துப்போனது. ஆக, இன்ஜின் சுகம். பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. குற்றவாளி அகப்பட்டார்!

டியூபை அடைத்து, ஏர் ஃபில்டரை எடுத்து, கம்பி, ஸ்பிரிங் எது எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். (இது ஒன்றுதான் தாத்தாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம். அவர் பென்சிலால் வரைந்துவைப்பாராம்.) இரண்டு போல்ட்டில் கார்புரேட்டர் கைக்கு வந்துவிட்டது. அடியில் ஒரு போல்ட். அதைத் திருகினால் கிண்ணம் கழன்றுவிடும்.

உள்ளே பார்த்தால்... புளிக்கரைசலின் அடிவண்டல்! பழைய வார்னிஷ் நாற்றம் வேறு.

ஆறு மாசம் பனியில் வண்டி சும்மா நிற்கும். பெட்ரோலில் லேசான பாகமெல்லாம் ஆவியாகி, மிச்சம் பிசினாகி ஜெட்டை அடைத்துவிடும். இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை வேறு இழுக்கும். அதனால் சிறு இன்ஜின்களுக்காகவே இங்கே பல பங்க்குகளில் எத்தனால் கலக்காத பெட்ரோல் விற்கிறார்கள். நம்மூரில் 2025இல் கலப்பு 20 சதவீதத்துக்கு வந்தாயிற்று. கார்புரேட்டர் வைத்த பழைய பைக்கை மாசக்கணக்கில் நிறுத்திவைக்கிறவர்கள் பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துவது நல்லது.

மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கச் சொன்னார். உள்ளே சலசலத்தால் ஓட்டை. சத்தமில்லை, பிழைத்தோம். ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்தேன். ஓட்டையில் வெளிச்சம் தெரிய வேண்டும், தெரியவில்லை. பழக்க தோஷத்தில் வாயில் வைத்து ஊதப்போனேன்.

''அட, என்ன பண்றே?!'' பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். எங்கப்பா அப்படித்தான் ஊதுவார் என்றேன். அவர் சிரித்தார். ''எங்கப்பாவும் அப்படித்தான். அதுக்காக நீ ஊதாதே.''

ஊசி, இரும்புக் கம்பி எதுவும் விடக்கூடாதாம். பித்தளையில் கீறல் விழுந்தால் பெட்ரோல் அளவே மாறிவிடும். டெலிபோன் ஒயரை உரித்து ஒரு செம்பு இழையை விட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கிளீனர் ஸ்பிரேயை அடித்தேன். ஒரு துளையில் அடித்தால் இன்னொன்றில் பீய்ச்ச வேண்டும். மூன்றாவது தடவை பீய்ச்சியது, நேராக என் சட்டையில்.

''புது கார்புரேட்டரே வாங்கிப் போட்டுடலாமே, இரண்டு நாளில் வந்துடும்'' என்று நடுவில் ஒரு யோசனை சொன்னேன். த்ராட்டில் தண்டு லொடலொடவென்று ஆடினால் மாற்றத்தான் வேண்டும் என்றார், காற்று புகுந்துவிடுமாம். ஆட்டிப் பார்த்தோம். ஆடவில்லை. ''ஐம்பது வருஷத்துக்கு மேல உழைச்சதை அழுக்குக்காகத் தூக்கிப் போடறதா?'' என்றார். எனக்கென்னவோ அது அரிசோனாவுக்குச் சொன்ன பதில் மாதிரி பட்டது.

புது கேஸ்கட் வைத்து மாட்டினோம். மேலே இருக்கும் திருகை மென்மையாக மூடி, அங்கிருந்து இரண்டு சுற்றுத் திறக்கச் சொன்னார். சாவியைத் திருப்பினேன். கிர்... கிர்... ஒரு இருமல். கொஞ்சம் வெள்ளைப் புகை. அப்புறம் ஒற்றை சிலிண்டர் கோலர் இன்ஜின் நிதானமாகப் பேச ஆரம்பித்தது. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ''கால் சுற்று திற... இன்னும் கொஞ்சம்... போதும்.'' அந்த ஒரு நிமிஷம் அவருடைய கைகள் நடுங்கியதா, இல்லையா? நான் கவனிக்கவில்லை.

நான் சீட்டில் ஏறப்போனேன். தோளில் கைவைத்து நிறுத்தினார்.

''ஸ்பேனர்தான் உன்னோடது. ஓட்டறது நான்.''

என் அரை ஏக்கரையும் அவரே வெட்டினார். நான் வாசல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். முடித்து இறங்கியதும், ''அக்டோபர்ல வந்து டாங்க்கைக் காலி பண்ணிக் கொடுத்துடு. பெட்ரோலோட நிறுத்தினா அடுத்த மே மாசம் மறுபடி இதே பாடுதான்'' என்றார்.

அடுத்த மே மாசமா?

வாயைத் திறக்காமல் அக்டோபரைக் காலண்டரில் குறித்துக்கொண்டேன்.