மானும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளியும்

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் கச்சிபௌலி வளாகத்தில் புள்ளிமான்கள் உண்டு. மாலையில் நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்புவோர், பாறைகளுக்கிடையே அவை தலை நிமிர்த்துவதைக் கண்டு சற்று நின்று செல்வார்கள். 2025 மார்ச் இறுதியில் வளாகத்தை ஒட்டிய 400 ஏக்கரில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கி, ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் பணிகளை நிறுத்தியபோது, இந்த மான்களை நாடே அறிந்துகொண்டது. அதே நிலப்பரப்பில் மாநில விளையாட்டு ஆணையத்தின் துப்பாக்கி சுடும் அரங்கமும் இருக்கிறது என்பதை அப்போது எவரும் பேசவில்லை. மானும் ரைஃபிளும் இவ்வளவு அருகருகே இருந்தும், இவ்வளவு தொடர்பற்று வாழும் இடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

உலகின் பல நாடுகளில் இவ்விரண்டும் ஒரே கேள்விக்குள் அடங்கியவை. முதன்முதலாக ரைஃபிள் வாங்க வரும் அமெரிக்கரோ ஜெர்மானியரோ கடைக்காரரிடம் கேட்பது இதுதான்: இலக்கு சுடவும் மான் வேட்டைக்கும் ஒரே ரைஃபிள் போதுமா? சிக்கனமான கேள்வி. ஆனால் விடை சிக்கனமானதன்று. இரண்டு பணிகளும் ஒரே கருவியை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன.

வேட்டைக்காரர் தம் ரைஃபிளை மணிக்கணக்கில் தோளில் சுமந்து காட்டில் நடக்கிறார். அவருக்கு மூன்று அல்லது மூன்றரை கிலோ எடை போதும். அதற்கு மேல் ஒவ்வொரு நூறு கிராமும் சுமை. இலக்கு சுடுபவருக்கோ எடைதான் நண்பன். பத்து மீட்டர் காற்று ரைஃபிள் போட்டியில் 5.5 கிலோ வரை அனுமதி உண்டு. தேர்ந்த வீரர்கள் பலர் அந்த உச்ச வரம்பை நெருங்கியே நிற்கிறார்கள். கனமான கருவி இதயத்துடிப்பின் அதிர்வை உள்வாங்கிக்கொள்கிறது. விசையிலும் இதே முரண். போட்டி ரைஃபிளின் விசை சில பத்து கிராம் அழுத்தத்துக்கே விடுபடும். விரல் விறைத்த குளிரில், மூச்சு வாங்கும் வேட்டைக்காரர் கையில் அத்தகைய விசை பெரும் ஆபத்து.

இவற்றைவிட நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. போட்டியில் சுடுபவருக்கு முதலில் 15 நிமிடம் தரப்படுகிறது. அந்நேரத்தில் சுடும் குண்டுகள் கணக்கில் சேரா. அதன் பிறகு 75 நிமிடத்தில் 60 குண்டுகள். ஒன்று பிசகினால் அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம். வேட்டையில் சரிபார்க்கும் குண்டு கிடையாது. குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டே முடிவு. அது பிசகினால் குறைவது மதிப்பெண்ணன்று. குடல் கிழிந்த ஒரு மான் புதருக்குள் ஓடி, இரவு முழுவதும் கிடந்து சாகிறது. வேட்டையை அனுமதிக்கும் நாடுகள் இதனால்தான் ரைஃபிளின் வலிமைக்குக் கீழ்வரம்பு விதித்திருக்கின்றன. ஜெர்மனியில் சிறு மானாகிய ரோ மானுக்கு 100 மீட்டர் தொலைவில் 1,000 ஜூல், பெரிய மான்களுக்கு 2,000 ஜூல். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் பெரும்பாலான மான்களுக்கு குழல்முனையில் 1,700 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும் என்கிறது. ஒலிம்பிக் காற்று ரைஃபிளின் குண்டு ஏறக்குறைய 7 அல்லது 8 ஜூல் ஆற்றலுடன் செல்வது. 50 மீட்டர் போட்டியின் .22 தோட்டாவும் 150 ஜூல் அளவிலேயே நிற்கும். இலக்குத்தாளைத் துளைக்க அதுவே மிகை. மானைக் கொல்ல அது போதாது, வதைக்க மட்டுமே போதும். .30-06 போன்ற வேட்டைத் தோட்டா 3,800 ஜூலை எட்டுகிறது. ஆனால் அதன் பின்னுதைப்பைத் தோளில் வாங்கிக்கொண்டு ஒருவர் நாளொன்றுக்கு நூறு குண்டு பயில முடியாது. ஒரே ரைஃபிள் இரண்டுக்கும் ஆகும் என்று விற்பவர், பெரும்பாலும் இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் ஒன்றையே விற்கிறார்.

இங்கிலாந்து மானைக் கொல்வதற்கு உரிய ரைஃபிளை வரையறுத்த அதே 1991இல், இந்தியா அந்தக் கேள்வியையே மூடிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உடனே முற்றாக ஒழித்துவிட்டதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் முதல் வடிவில் வேட்டை உரிமங்களுக்கு இடமிருந்தது. 1991 திருத்தம்தான் அந்த வாயிலை அடைத்தது. அதற்குமுன் ஹைதராபாதில் வேட்டை அரசகுலப் பண்பாடு. ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் குறி தவறாதவர் எனப் பெயர் பெற்றவர். அவருடைய வேட்டை முகாம்களை அரசவைப் புகைப்படக் கலைஞர் ராஜா தீன்தயாள் படமெடுத்திருக்கிறார். நிஜாம்களின் வேட்டைத் தளமாக இருந்த வனஸ்தலிபுரம் காட்டில் இன்று வெளிமான்கள் மேய்கின்றன. அந்தப் பூங்காவுக்கு, மகாவீரரின் 2,500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி, கொல்லாமையைப் போதித்த அவருடைய பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பழைய குடும்பங்களில் பரம்பரையாக வந்த ரைஃபிள்கள் இன்னும் உறைகளில் உறங்குகின்றன. தேர்தல் வரும்போதெல்லாம் அவை காவல் நிலையத்துக்குப் போய்வருவதுதான் அவற்றின் பயணம்.

ஆயினும் கேள்வி முழுவதும் சாகவில்லை. பயிரழிவைத் தாங்க முடியாத பீகார் விவசாயிகளின் கோரிக்கையால், அம்மாநிலத்தின் சில மாவட்டங்களில் நீலான் தீங்குயிரி என அறிவிக்கப்பட்டது. 2016 ஜூனில் மொகாமாவில் அவற்றைச் சுட, ஹைதராபாதைச் சேர்ந்த நவாப் ஷஃபாத் அலி கானின் குழுவினர் அழைக்கப்பட்டனர். இருநூறுக்கும் மேற்பட்ட நீலான்கள் கொல்லப்பட்டன. மத்திய அமைச்சர் மேனகா காந்தி தம் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்தையே வெளிப்படையாகக் கண்டித்தார். கொல்லலாமா என்பதே அன்றைய விவாதம் முழுவதையும் நிரப்பியது. எதைக் கொண்டு, எவ்வளவு தொலைவில், எவ்வளவு விரைவாகச் சாகும்படி என்ற கேள்விகள் ஏறக்குறைய எழவேயில்லை. கிடா 200 கிலோவைத் தாண்டும் விலங்கு அது. கொல்வதென அரசு முடிவு செய்த பிறகு ரைஃபிளின் தேர்வு அறத்துக்கு வெளியே நிற்பதன்று. வேட்டையை வெறுப்பவர்களும் அதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இந்த அரிய விதிவிலக்கை ஒதுக்கிவிட்டால், நகரத்துக்கு எஞ்சுவது இலக்கு மட்டுமே. அதன் வரலாறு ஒரு கொல்லைப்புறத்தில் தொடங்குகிறது. சென்னையில் பிறந்து ஹைதராபாதில் வளர்ந்த ககன் நாரங், 1997இல் தந்தை வாங்கித் தந்த காற்றுக் கைத்துப்பாக்கியுடன் பேகம்பேட் வீட்டின் பின்புறத்தில் சுடத் தொடங்கினார். பின்னர் மகனுக்கு நல்ல ரைஃபிள் வேண்டி அத்தந்தை தம் மனையை விற்றார். 2003இல் இதே நகரில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகன் தங்கம் வென்றார். 2008 பெய்ஜிங்கில் 595 புள்ளிகள் எடுத்தும் சமநிலை முறிப்பில் இறுதிச் சுற்றை இழந்தார். 2012 லண்டனில் 701.1 புள்ளிகளுடன் வெண்கலம். வெள்ளிக்கும் அதற்கும் இடைவெளி 0.4. இந்தக் கதையைக் கேட்கும் பெற்றோர் மனையை விற்ற பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இடையில் கழிந்த ஆண்டுகள் அவர்கள் செவியில் ஏறுவதில்லை. பயிற்சிக்கு வந்த மூன்றாம் மாதமே, கடன் வாங்கியாவது வெளிநாட்டு ரைஃபிள் வாங்கித் தரத் துடிக்கும் தந்தையரைத் தடுப்பதே நல்ல பயிற்றுநரின் முதல் வேலை.

காற்று ரைஃபிளுக்கு ஒரு சலுகை உண்டு: 4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்டதாயின் ஆயுத உரிமம் வேண்டியதில்லை. ஆகவே தடை சட்டத்திடம் இல்லை, விலையிடமும் உடலிடமும் இருக்கிறது. தேர்வில் பெயரைவிடப் பொருத்தமே முக்கியம். பின்கட்டையின் நீளம் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கன்னத்தை வைத்த மாத்திரத்தில், கழுத்துத் தசை இறுகாமல், கண் குறிநோக்கியின் துளைக்கு நேராக வர வேண்டும். நின்று சுடும்போது எடை இடது முழங்கை வழியாக இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். தசை சுமந்தால் நாற்பதாவது குண்டில் நடுங்கும். எளிய சோதனை ஒன்று: நிலையில் நின்று கண்ணை மூடி, இருமுறை மூச்சுவிட்டுத் திறக்க வேண்டும். ரைஃபிள் இலக்கைப் பார்த்திருந்தால் பொருந்துகிறது. விலகியிருந்தால் கால்களை நகர்த்திப் பார்க்கலாம். எப்படி நின்றாலும் விலகினால் அது அவருக்கான ரைஃபிள் அன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 5.5 கிலோ தேவையேயில்லை. அது உச்ச வரம்பு, கட்டாயமன்று. வளரும் உடலுக்கு, அளவுகளைத் திருகி மாற்றக்கூடிய அலுமினியக் கட்டை மரத்தைவிட உகந்தது.

அதன் பிறகு குண்டு. 4.49, 4.50, 4.51 என்று நூற்றில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அவை விற்கப்படுகின்றன. ரைஃபிளைப் பிடிப்பானில் பூட்டி, ஒவ்வொரு வகையிலும் சிலவற்றைச் சுட்டுப் பார்த்தால்தான் அந்தக் குழல் எதை விரும்புகிறது என்பது தெரியும். பத்து மீட்டரில் பத்துப் புள்ளிக்குரிய வெண்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே. மானின் நெஞ்சுப் பரப்பு ஒரு சாண். இவ்வளவு நுண்மையான கருவி அவ்வளவு பெரிய இலக்கைக் கொல்லும் ஆற்றலற்றது என்பதைக் கேட்டு, புதிய மாணவர்கள் முதலில் சிரிக்கவே செய்கிறார்கள்.

வசதி குறைந்தவர்களுக்குப் பழைய ரைஃபிளே வழி. மேற்படிப்புக்கோ வேலைக்கோ போனவர்கள் விட்டுச்செல்லும் கருவிகள் நல்ல நிலையிலேயே கைமாறுகின்றன. வாங்குவோர் குழலையும் விசையையும் பார்க்கிறார்கள். காற்று உருளையில் பொறித்த தேதியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் அந்த உருளைக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பத்தாண்டு ஆயுளே தருகிறார்கள். காலாவதியான உருளையைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. மாற்று உருளையின் விலையையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும். கன்னக்கட்டையில் முந்தையவர் தம் உயரத்துக்கு இட்ட பென்சில் கோடுகள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டுப் புதிதாக அளக்கத் தொடங்கலாம்.