சொத்தைப் பல்லும் வாரக் கூலியும்

பல்நோயைப் பொறுத்தவரை, நோய் வளரும் வேகமும் வலி வளரும் வேகமும் ஒன்றல்ல என்பதே முதலில் அறிய வேண்டிய செய்தி. சொத்தை சிறிதாக இருக்கும்போது வலி இருப்பதில்லை; வலி தோன்றும்போது சொத்தை சிறிதாக இருப்பதில்லை. வலியற்ற அந்தத் தொடக்க மாதங்களில்தான் சிகிச்சை எளிது, செலவும் குறைவு. ஆனால் வாரக் கூலியை எண்ணிச் செலவழிக்கும் குடும்பம் எதுவும் வலிக்காத பல்லுக்காக ஒரு நாள் வேலையை விடத் துணிவதில்லை. பல் மருத்துவம் உழைப்பவர்களின் கைக்கு எட்டாமல் போவதற்கு மருத்துவரின் கட்டணம் ஒரு காரணம் என்றால், அந்தக் கட்டணத்தைப் பல மடங்காக்கும் காத்திருப்பு அதைவிடப் பெரிய காரணம்.

இந்தக் காத்திருப்புக்கு எடுத்துக்காட்டாக ஒரு வட்டாரத்தைப் பார்க்கலாம். திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த அமராவதி நகர், 1950களில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கட்டப்பட்ட அணையாலும் 1962இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியாலும் அறியப்பட்ட ஊராகும். அணைநீர் பாயும் கீழ்நிலங்களில் நெல்லும் தென்னையும் கரும்பும் விளைகின்றன. கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்ததும் இந்தக் கரும்பை நம்பித்தான். நிலத்தில் வேலை குறைந்தபோது இவ்வட்டாரத்து இளையோர் உடுமலைப் பகுதி நூற்பாலைகளுக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் செல்லத் தொடங்கினர். அங்கே பலருக்கும் சனிக்கிழமைதான் சம்பள நாள். தைத்த உருப்படிகளை எண்ணிக் கூலி தரும் ‘பீஸ் ரேட்’ முறையில் எழுந்து போன நேரத்துக்குக் காசு இல்லை. இப்படிப்பட்ட வாழ்க்கையில் பல்வலி எப்படி நுழைகிறது, எப்படித் தங்குகிறது என்பதை அறியப் பல்லின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

பல்லின் வெளிப்புறத்தில் இருப்பது எனாமல். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுவே. அதனுள்ளே டென்டின் என்னும் மென்மையான அடுக்கும், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பல்கூழும் உள்ளன. வாயில் வாழும் நுண்ணுயிரிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிட, அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. எனாமலில் நரம்பில்லை, எனவே அது அரிபடுவது எவருக்கும் தெரிவதில்லை. அரிப்பு டென்டினைத் தொட்டதும் குளிர்ந்த நீரும் இனிப்பும் கூசுகின்றன. பல்கூழை எட்டியதும் அங்கே அழற்சி உண்டாகிறது. உடலின் பிற இடங்களில் அழற்சி வந்தால் தசை வீங்கி இடம் தேடிக்கொள்ளும். பல்கூழோ நான்கு புறமும் சுவர் எழுப்பிய அறைக்குள் இருப்பதால் வீங்க இடமின்றி நரம்பு நசுங்குகிறது. படுக்கும்போது தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடி அந்த அழுத்தம் மேலும் ஏறுவதே, பகலில் பொறுக்கக்கூடியதாக இருந்த வலி இரவில் உயிரை வாங்குவதற்குக் காரணம். பகல் முழுதும் தையல் மிஷினில் அமர்ந்தவர் நள்ளிரவில் தாடையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலிக்கும் பக்கம் தலையணையில் படாதபடி சுவரில் சாய்ந்து விடியலை எதிர்பார்த்திருப்பதும், காலையில் அதே தூக்கமற்ற கண்களோடு ஓவர்லாக் மிஷினுக்குத் திரும்புவதும் இதன் விளைவுகளே.

சொத்தைக்கு உண்ணும் சர்க்கரையின் அளவைப் போலவே உண்ணும் தடவைகளும் காரணமாகின்றன. ஒவ்வொரு முறை இனிப்பு வாயில் படும்போதும் பல்லின் மேல் படிந்த நுண்ணுயிர்ப் படலத்தின் பி.எச். அளவு, எனாமல் கரையத் தொடங்கும் 5.5க்குக் கீழே இறங்கி, மீண்டுவர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. அடுத்த இனிப்பு வரும் வரையுள்ள இடைவேளையில்தான் உமிழ்நீர் பல்லைப் பழுதுபார்க்கிறது. பனியன் கம்பெனியின் நாள் தேநீரால் பகுக்கப்பட்டது. காலையிலும் மாலையிலும் வரும் டீயும் பன்னும், ஒன்றரை ஷிப்ட் நீளும் நாட்களில் தூக்கத்தை விரட்டக் குடிக்கும் மற்றொரு டீயும் உடலைத் தாங்கிப்பிடிக்கும் எளிய உணவுதான். ஆனால் உமிழ்நீருக்கு ஓய்வு தராத உணவும் அதுவே. தொழில் பல்லில் விட்டுச் செல்லும் அடையாளம் மற்றொன்றும் உண்டு: நூலைக் கத்தரிக்காமல் பல்லால் கடித்து அறுப்பதும், ஊசியைப் பல்லிடுக்கில் பிடிப்பதும் பல ஆண்டுகள் தொடர்ந்தால் முன்பல்லின் விளிம்பில் சிறிய வெட்டு விழுகிறது. தையல்காரர்களின் பல்லில் காணப்படும் இந்த வெட்டு பல் மருத்துவ நூல்களில் தொழில்சார் தேய்மானமாகவே குறிக்கப்படுகிறது.

சொத்தை ஆழமாக ஆகச் செலவு என்னும் ஏணியும் உயர்கிறது. எனாமலோடும் மேல் டென்டினோடும் நின்ற சொத்தையைச் சுரண்டி அடைப்பது ஒரே நடையில் முடியும். தனியார் மருத்துவமனையிலும் பெரும்பாலும் சில நூறு ரூபாயில் அடங்கும். பல்கூழை எட்டிய பின் தேவைப்படுவது வேர் சிகிச்சை, அதாவது அழுகிய பல்கூழை நீக்கி, வேரின் உள்ளே ஓடும் மயிரிழைக் குழாய்களை மெல்லிய அரங்களால் தேய்த்துக் கழுவி, காற்றுப் புகாதபடி அடைத்து மூடும் முறை. கடைவாய்ப் பல்லில் இத்தகைய குழாய்கள் மூன்று அல்லது நான்கு இருப்பதால் வேலையும் நேரமும் கூடுகின்றன. உயிரோட்டம் இழந்த பல் உடையாதிருக்க மேலே உறையும் போட வேண்டும். எல்லாம் சேர்ந்து பல ஆயிரம் ரூபாய் ஆவதோடு, அதற்கான இரண்டு மூன்று நடைகளில் ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலியைத் தின்கிறது. பல்லைப் பிடுங்க ஒரே நடை போதும், காசும் சொற்பம். ஆகவே காப்பாற்றக்கூடிய பல்லும் பிடுங்கப்படுகிறது. அந்த இடம் வெறுமையாக விடப்படும்போது பக்கத்துப் பற்கள் சாய்கின்றன, எதிர்ப்பல் இறங்குகிறது, மென்று உண்பது ஒருபக்கமாகிறது. ‘பல் போனால் சொல் போச்சு’ என்ற பழமொழி முன்பல்லைப் பற்றியது. கடைவாய்ப் பல் போனால் போவது சோறு.

வலியோடு இரவைக் கடத்த மக்கள் கையாளும் வழிகளில் அறிவும் உண்டு, ஆபத்தும் உண்டு. கிராம்பில் உள்ள யூஜினால் என்னும் எண்ணெய்ப் பொருள் நரம்பை மரத்துப்போகச் செய்வது உண்மை. ஆனால் கிராம்புத் தைலம் ஈறில் பட்டால் புண்ணாகும். வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிப்பதும், தலையை உயர்த்திப் படுப்பதும் ஓரளவு உதவும். கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பல்லிலிருந்து புழு விழும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக உள்ளது. பல்லில் புழு இல்லை என்பதை பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலிலேயே எடுத்துக்காட்டினார். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைச் சாப்பிடாத வயிற்றில் நாள்கணக்கில் விழுங்குவது குடற்புண்ணுக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் வழிவகுக்கும். ஆன்டிபயாட்டிக் மாத்திரை பல்கூழ் அழற்சியின் வலியைத் தீர்ப்பதில்லை. வலி திடீரென்று நின்றுவிடுவதும் நற்குறி ஆகாது; நரம்பு மடிந்து, சீழ் வேரின் அடிக்கு இறங்கியிருக்கலாம். தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவும் விழுங்கவும் இயலாமை ஆகியவை சேர்ந்தால், 1836இல் அதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயரால் வழங்கும் கொடிய தொற்றாக இருக்கக்கூடும். அது மூச்சுக்குழலை அடைத்து உயிரைப் பறிக்கும் என்பதால் அந்த நிலையில் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

இந்தத் துன்பம் ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய்நோய்களால் வருந்துவதாகக் கணித்தது. மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறும் நோய்களையே கருதி அமைக்கப்பட்டவை. பல்லோ நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்கப்படுவதால் விடுபட்டுவிடுகிறது. ஆயினும் உரிமைகள் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இ.எஸ்.ஐ. திட்டத்தில், 2017இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட சம்பள வரம்புக்குள் வருவோர் தம் ஊதியத்தில் 0.75 விழுக்காடு, அதாவது 15,000 ரூபாய்க்கு 112 ரூபாய் 50 காசு, செலுத்துகின்றனர். அதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் கிடைக்கும் மருத்துவத்தில் பல் மருத்துவமும் அடங்கும். அந்தத் திட்டத்தில் தம் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பீஸ் ரேட் தொழிலாளி ஒவ்வொருவரும் கேட்டறிய வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் மருத்துவர்கள் உள்ளனர். பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பரிசோதிக்கத் தமிழ்நாடு அரசு 2023இல் ‘புன்னகை’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நோய் வலியாக மாறும் முன்பே மருத்துவர் ஆளைத் தேடி வரும் இந்த முறையே சரியான திசை. அது பள்ளியோடு நின்றுவிடாமல் நூற்பாலை வாசலுக்கும் பனியன் கம்பெனியின் டீ நேரத்துக்கும் வர வேண்டும், சிகிச்சை அறைகள் ஷிப்ட் முடிந்த பிறகும் திறந்திருக்க வேண்டும்.

சிறிய பழுதைத் தள்ளிப்போட்டால் பெரிதாகும் என்பதை அமராவதிப் பாசனத்தை நம்பி வாழும் உழவருக்கு விளக்கத் தேவையில்லை. வாய்க்கால் கரையில் நண்டு வளை ஒன்று கண்ணில் பட்டால் அவர் அன்றே ஒரு கை மண்ணை அள்ளி மிதித்து அடைத்துவிடுகிறார். நாளை என்று விட்டால் கரை உடையும், மணல் மூட்டையும் பத்து ஆளும் தேவைப்படும் என்பது அவருக்குத் தெரியும். அந்த உழவரின் மகளோ மகனோ மிஷின் முன் அமர்ந்து, கடைவாயில் நாக்கு நெருடும் கடுகளவுக் குழியைப் பொருட்படுத்தாமல் சனிக்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில், ஒரு கை மண் போதுமான காலம் கடந்துகொண்டிருக்கிறது.