மறைக் குறிக்கும் வேலை உண்டு

ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் அதிபரவளைவுச் சார்புகளோடு வந்து நிற்பார்கள். கொஸ்-எச் உ = 1.05 என்றால் உ என்ன? கணிப்பானை அமுக்கினால் 0.3149. உடனே பேனையை மூடிவிடுவார்கள். எனக்கு அதுதான் பொறுக்காது.

கையால் போடச் சொல்வேன். ஈ-யின் உ அடுக்கை த என்று வைத்தால் த + 1/த = 2.1. அதாவது த² − 2.1த + 1 = 0, சாதாரண இருபடிச் சமன்பாடு. மூலங்கள் 1.3702, 0.7298. இரண்டையும் பெருக்கினால் 1. ஆகவே மடக்கை எடுக்கும்போது அளவு ஒன்று, குறி இரண்டு. நேர்மாறுச் சார்பு நேர்க் குறியை மட்டும் வைத்துக்கொள்வது நாம் செய்துகொண்ட ஏற்பாடு. சமன்பாடு அப்படி ஒன்றும் கேட்கவில்லை.

மறை விடை எதற்கு, சேர்? ஜன்னலால் பார்க்கச் சொல்வேன். லக்சபானவில் 1950இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கிய காலந்தொட்டுத் தேயிலை மலைகளுக்கு மேலால் மின்கம்பி போகிறது. தொங்கும் கம்பி பரவளைவு அல்ல, சங்கிலியம்; அதாவது அதே கொஸ்-எச் வளைவு. லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோகான் பேர்ணூலி மூவரும் 1691இலேயே அதைக் காட்டிவிட்டார்கள். கிடை இழுவையை ஒரு மீற்றர் கம்பியின் நிறையால் வகுக்க 1000 மீற்றர் வருகிறது என்று வைப்போம். 300 மீற்றர் இடைவெளியில் தொய்வு 11.27 மீற்றர், பரவளைவு 11.25 என்னும். பரவாயில்லை. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே 800 மீற்றர் கட்டினால் பிழை ஒரு மீற்றரைத் தாண்டும்.

மலையில் இரு கோபுரங்கள் ஒரே உயரத்தில் நிற்பது அபூர்வம். வளைவின் அடிப்புள்ளியிலிருந்து ஒன்று 20 மீற்றர், மற்றது 80 மீற்றர் மேலே என்றால் கிடைத்தூரங்கள் 199.7, 397.4. பள்ளத்தாக்கின் இரு கரைகளில் நின்றால் குறிகள் எதிரெதிர். இடைவெளி 597 மீற்றர். ஒரே சரிவில் நின்றால் குறி ஒன்றே. இடைவெளி வெறும் 198. அப்போது அடிப்புள்ளி கம்பியிலேயே இல்லை, கீழ்க் கோபுரத்துக்கும் அப்பால் கற்பனையாகக் கிடக்கிறது. அந்தக் கம்பி கீழ்க் கோபுரத்தின் காவலியை மேலே தூக்கப் பார்க்கும். மறுபக்கக் கம்பி கீழே இழுத்துப் பிடிக்காவிட்டால் லைன் போடுகிறவர்களுக்குத் தலையிடிதான்.

அவர்கள் கையில் உண்மையில் இருப்பது இடைவெளியும் உயர வித்தியாசமும். அதற்கு நேர்மாறு சைன்-எச் போதும். அதற்கு ஒரே விடை, குறித் தகராறு இல்லை. 198 மீற்றர், 60 மீற்றர் என்று போட்டால், அடிப்புள்ளி இடைவெளியின் நடுவிலிருந்து ஏறத்தாழ 298 மீற்றர் தள்ளி விழும். பாதி இடைவெளியோ 99தான்.