பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நோன்பு



தவக்காலம் தொடங்கியதிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளில் பாதி மருத்துவக் கேள்விகள். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிடலாமா என்று கேட்பார்கள். இப்போது, 16 மணி நேரம் உண்ணாதிருந்து 8 மணி நேரத்துக்குள் உண்டு முடித்தால் அது ஒருசந்தியாகுமா என்கிறார்கள். அந்த வரிசையில் இவ்வாண்டு புதிதாக வந்து சேர்ந்தது தாடைச் சத்தம். வாயைத் திறக்கும்போது காதருகே 'டக்' என்று கேட்கிறது, இந்த நோன்பு தொடங்கிய பிறகுதான் கேட்கிறது என்று மூன்று பேர் சொன்னார்கள். என்னையும் சேர்த்தால் நால்வர்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதால், குடும்ப மருத்துவரின் ஆலோசனையோடு இலையுதிர் காலம் முதல் நானும் 16:8 முறையில் உண்கிறேன். தை மாதத்தில் இடப்பக்கத் தாடை ஒலி எழுப்பத் தொடங்கியது. வலி இல்லை. ஆனால் பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றையும், மறுநாள் இரவு பாஸ்கா புகழுரையையும் பாட வேண்டியவனுக்கு வாய்தான் தொழிற்கருவி. பாதியில் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற அச்சத்தோடுதான் பல் மருத்துவரிடம் போனேன்.

அவர் இரு காதுகளுக்கும் முன்னால் விரல்களை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். கீழ்த்தாடையின் குமிழுக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் இடையே நார்த்தன்மையுள்ள ஒரு சிறு வட்டு மெத்தைபோல் இருக்கிறது. அது சற்று முன்னோக்கி நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது குமிழ் மீண்டும் அதன் மேல் ஏறும். அந்த ஏற்றத்தின் ஓசைதான் 'டக்'. வலியும் பூட்டலும் இல்லாத வெறும் ஓசை மக்களிடையே மிகச் சாதாரணமானது, பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது என்றார். பிறகு, நான் என்ன உண்கிறேன் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டதோ, "உண்ணாத நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?" என்பதுதான்.

தாடை மூட்டு வயிற்றின் கணக்கை வைத்திருப்பதில்லை. உணவின்றி இருப்பதே மூட்டைக் கெடுக்கிறது என்று மருத்துவம் நிறுவவில்லை. ஆனால் பசியோடு கூட வருபவை சில உண்டு. பசியை அடக்கக் குடிக்கும் கறுப்புக் காப்பி ஒன்று. பல் கடித்தலோடு காப்பியையும் மன அழுத்தத்தையும் மருத்துவர்கள் சேர்த்தே பேசுகிறார்கள். வாய்நாற்றத்துக்கு அஞ்சி நண்பகல் வரை மெல்லும் சூயிங்கம் இன்னொன்று. நம் இளைஞர் ஒருவர், "வயிறுதான் நோன்பு, வாய் வேலை செய்துகொண்டே இருக்கிறது, ஃபாதர்" என்றார். நேரம் திறந்ததும் அவசரமாக அள்ளி மெல்லுவதும் அந்த மூட்டுக்குச் சுமைதான். எல்லாவற்றிலும் பெரியது, நாம் அறியாமலே பல்லோடு பல்லை அழுத்திக்கொண்டிருப்பது. ஓய்வில் உதடு மூடியிருக்க, பற்கள் ஒன்றையொன்று தொடாமல், நாக்கு மேல் முன்பற்களுக்குப் பின்னால் படிந்திருக்க வேண்டும். இதை வாசிக்கும் இந்நொடியில் உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

ஜெர்மானியர் ஒரு தொடர் வைத்திருக்கிறார்கள்: ட்சேன சுசாம்மென்பைசென். துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அது. மருத்துவர் அதைச் சொல்லிச் சிரித்தபோது, தமிழிலும் இதே சொல் இருக்கிறது, நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இந்த நாட்டில் நிலைத்தோம் என்றேன். உணவகச் சமையலறைகளிலும் இரவுநேரத் துப்புரவுப் பணிகளிலும் விசாவுக்காகக் காத்த ஆண்டுகளிலும் நம் மூத்தவர்கள் கடித்த கடியை எந்த ஊடுகதிர்ப் படம் காட்டும்?

கேட்ட மூவரில் ஒருவர், 67 வயதான அம்மா. பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். "சுவாமி, நற்கருணை வாங்க வாயைத் திறக்கேக்கை 'டக்' எண்டு சத்தம் கேக்குது. பக்கத்தில நிக்கிறவைக்கும் கேக்குமோ எண்டு வெக்கமாக் கிடக்கு" என்றார். பேசப் பேச, தாடையைவிடப் பெரிய செய்தி வெளிவந்தது. அவர் இன்சுலின் ஏற்றுகிறார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை நம்பி, தவக்காலத்தையும் சேர்த்து, நாளுக்கு 18 மணி நேரம் உண்பதில்லை. முந்திய வாரம் பேருந்தில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியிருக்கிறது. அதைத் தவத்தின் பலன் என்று எண்ணியிருக்கிறார்.

அந்தச் செய்தியை நானும் பார்த்தேன். உண்ணாநோன்பு நோய் தீர்க்கும் என்று கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசாம். 2016இல் யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்த பரிசு, செல்கள் தம் கழிவுகளைத் தாமே சிதைத்து மறுபடி பயன்படுத்தும் விதத்தை விளக்கியதற்கு. அவர் ஆராய்ந்தது அப்பம் புளிக்க வைக்கும் ஈஸ்டை. இன்சுலின் ஏற்றும் அம்மாவை அல்ல. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் வேளை தவறவிட்டால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

திருச்சபைச் சட்டத்தையும் அவருக்குச் சொன்னேன். ஒருசந்திக் கடமை 18 வயதிலிருந்து 59 வயது நிறைவுறும் வரைதான். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. நோயாளிகளை எந்தக் கடமையும் கட்டாது. அவர் முகம் மலரவில்லை. "அப்ப நான் இனிப் பிடிக்கத் தேவையில்லையோ?" என்றார். 50 ஆண்டுகளாக ஒருசந்தி பிடித்த ஒருவருக்கு விடுதலை என்று சொல்வது, ஒரு பொருளைக் கையிலிருந்து பிடுங்குவதுபோல் இருந்தது. அதற்கு ஈடாகத் தர அன்று என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த நாள் மகளோடு மருத்துவரிடம் போனார், காலை உணவு திரும்பியது. 'டக்' இன்னும் இருக்கிறதாம்.

ஓசை மட்டும் உள்ளவர்கள் அஞ்ச வேண்டாம். சில வாரம் மென்மையான உணவு, சிறு கவளம், கன்னத்துக்கு இளஞ்சூட்டு ஒத்தடம், சூயிங்கத்துக்கு விடை. கொட்டாவி வந்தால் நாடியைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். வலி இருந்தாலோ, தாடை பூட்டிக்கொண்டாலோ, உங்கள் மூன்று விரல்கள் அடுக்கி நுழையுமளவு வாய் திறக்காவிட்டாலோ பல் மருத்துவரிடம் செல்லுங்கள். தேவையென்றால் இரவில் அணியும் ஷீன செய்து தருவார். 50 வயதைக் கடந்தவர்களுக்கு மெல்லும்போது தாடை வலியோடு புதிதாகத் தலைவலியோ, நெற்றிப்பொட்டில் நோவோ, பார்வை மங்கலோ வந்தால் அது வேறு விடயம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், பார்வையே பறிபோகக்கூடும்.

வரும் வெள்ளி மாலை சிலுவைப்பாதைக்குப் பின் வழமைபோல் கஞ்சி உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் குரக்கன் கஞ்சி தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன், அளவாகக் குடியுங்கள். இரண்டுக்குமே பல் தேவையில்லை.