கட்டர் பிடிப்பவர்

வடபழனியில் ஒரு மாடி ஸ்டுடியோ. காஞ்சிபுரம் பட்டுப் புடவைகளுக்கான கேட்லாக் படப்பிடிப்பு. அரக்குப் புடவையில் நின்ற மாடலுக்குப் பின்னால் இருபுறமும் நீளமான ஸ்டிரிப் பாக்ஸ்கள். கூந்தலுக்கும் சரிகைக்கும் விளிம்பு கட்டுவது இந்தப் பின்விளக்குகள்தான். படத்தைக் கெடுப்பதும் இவைதான்.

முதல் ஃபிளாஷ் அடித்ததும் மானிட்டரில் அரக்கு வெளிறித் தெரிந்தது. வட்டமோ பொட்டோ விழவில்லை. படம் முழுக்கப் பாலாடை போல ஒரு வெளுப்பு. லென்ஸுக்குள் நேரே புகும் விளக்கொளி உண்டாக்கும் ஃபிளேரில் மோசமான வகை இது. வட்டம் விழுந்தால் யார் கண்ணிலும் படும். வெளுப்பு படர்ந்தால் எக்ஸ்போஷர் தவறென்று எண்ணி விளக்கைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஐம்பதைத் தாண்டிய லைட் அசிஸ்டென்ட் விளக்கின் அளவைத் தொடவேயில்லை. இடப்பக்க ஸ்டிரிப் பாக்ஸின் முகத்தருகே தலையை வைத்து, அங்கிருந்து கேமராவைப் பார்த்தார்.

“லென்ஸ் கண்ணாடி இங்கேருந்து தெரியுது சார். எனக்குத் தெரிஞ்சா லைட்டும் அங்க போகும்.”

கறுப்படித்த தெர்மாகோல் பலகையை ஸ்டாண்டில் மாட்டினார். கட்டர் என்பார்கள். விளக்குக்கும் கேமராவுக்கும் நடுவே, படத்தில் விழாத எல்லைவரை அதை விரல் விரலாக நகர்த்தினார். மறுபடி குனிந்து பார்த்தார். கண்ணாடி மறைந்திருந்தது. வலப்பக்கமும் அப்படியே. அடுத்த படத்தில் அரக்கு அரக்காகவே வந்தது.

பூச்சு இல்லாத கண்ணாடி, ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த பூச்சு அதை வெகுவாகக் குறைத்தது. ஆனாலும் இன்றைய 24-70 ஜூம் லென்ஸுக்குள் பல கண்ணாடிகள் இருக்கின்றன. நேராக வந்து விழும் ஃபிளாஷில் மிச்சம் மீதி எதிரொளியே போதும், கறுப்பு சாம்பலாகிவிடும். லென்ஸ் ஹூட் ஓரளவுக்குத்தான் காக்கும். படச் சட்டத்தை ஒட்டி நிற்கும் விளக்கு அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

கணினியில் சரிசெய்யக் கூடாதா என்று கேட்டேன். “கான்ட்ராஸ்ட்டை ஏத்துனா கலர் மாறிடும். கடையில வேற கலர், படத்துல வேற கலர்னா புடவை திரும்பி வரும்,” என்றார் புகைப்படக்காரர். நெசவாளர் தேர்ந்த சாயம் வாங்குபவர் கண்ணுக்கு மாறாமல் போய்ச் சேர, இந்தக் கறுப்புப் பலகையும் அதை நகர்த்தும் கையும் வேண்டியிருக்கின்றன. படத்தின் கீழே அச்சாகும் பெயர்களில் அந்தக் கைக்கும் இடம் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

வெள்ளைப் பின்திரைக்கு மாறியபோது மாடலை நன்றாக முன்னே வரச்சொன்னார்கள். திரையின் வெளிச்சம், வெள்ளையாகத் தெரியும் அளவோடு நின்றது; அதற்கு மேல் போனால் திரையே ஒரு விளக்காகி லென்ஸுக்குள் கொட்டும்.

பிறகு முந்தானை மட்டும் குளோசப். “அண்ணே, டைட்டா போறேன்.”

“ஃபிரேம் குறுகிடுச்சு, இன்னும் உள்ள வரலாம் சார்,” என்றபடி கட்டரை ஒரு சாண் உள்ளே தள்ளினார்.